மேசியா ஒரு யூதர்: அடிக்கடி கேக்கற கேள்விகள்

கத்தோலிக்கக் கோயில்ல இருக்கற பாடுபட்ட சுரூபத்த, அதாவது சிலுவையில தொங்கற இயேசு சிலைய, கிட்ட போய் பாருங்க. தலைக்கு மேல ஒரு சின்னப் பலகை, அதுல ஐ, என், ஆர், ஐ-ன்னு நாலு எழுத்து இருக்கும். சின்ன வயசுல அது சுரூபம் செஞ்சவங்க போட்ட முத்திரைன்னு நெனச்சிட்டு இருந்தேன். உண்மையில அது நாலு லத்தீன் வார்த்தையோட முதல் எழுத்து: நசரேயனாகிய இயேசு, யூதருடைய ராஜா. எபிரெயு, கிரேக்கு, லத்தீன்னு மூணு பாஷையில ரோம அதிகாரி பிலாத்து எழுதி வெச்சதா யோவான் 19-ல இருக்கு. ஊர் ஊரா சிலுவையிலயே எழுதி வெச்சிருக்கோம், ஆனா பைபிள் ஸ்டடியில "ஆண்டவர் ஒரு யூதர்"னு சொன்னா இன்னிக்கும் நாலு பேர் முகம் மாறுது. அப்படி முகம் மாறினவங்க என்கிட்ட கேட்ட கேள்விங்கதான் கீழ இருக்கறது. நான் பிறப்பால யூதன் கிடையாது, தமிழ் விசுவாசி, அத முதல்லயே சொல்லிடறேன்.

கேள்வி: இயேசு கிறிஸ்தவ மதத்த ஆரம்பிச்சவர்தானே, அவர எப்படி யூதர்னு சொல்றீங்க?

பதில்: கிறிஸ்தவர்ன்ற வார்த்தையே அவர் பூமியில இருந்தப்போ கிடையாதுங்க. அவர் பரமேறிப் போன பிறகு அந்தியோகியாவுலதான் சீஷருக்கு அந்தப் பேரு வந்துச்சுன்னு அப்போஸ்தலர் 11 சொல்லுது. அவரோட வாழ்க்கைய லூக்கா 2-ல இருந்து படிங்க. எட்டாம் நாள் விருத்தசேதனம், அப்புறம் சுத்திகரிப்பு நாள் முடிஞ்சதும் எருசலேம் ஆலயத்துக்குத் தூக்கிட்டுப் போறாங்க, பலிக்கு ரெண்டு புறா. அந்தப் புறாவ சும்மா தாண்டிப் போயிடாதீங்க. லேவியராகமம் 12-ல கேட்டது ஒரு வயசு ஆட்டுக்குட்டி, அதுக்கு வசதி இல்லாத தாய்க்குத்தான் ரெண்டு புறா போதும்னு சலுகை. அப்போ மரியாள் யாரு? மோசேயோட சட்டத்த ஒரு எழுத்து விடாம கடைப்பிடிக்கற, ஆட்டுக்குட்டி வாங்கக் காசில்லாத ஒரு யூதப் பொண்ணு. அவங்க பேரே மிரியாம், மோசேயோட அக்கா பேரு.

கேள்வி: அவர யூதர்னு பைபிள்ல நேரடியா எங்கயாவது இருக்கா?

பதில்: இருக்கு. யோவான் 4-ல சமாரியப் பொண்ணு பாத்த உடனே சொல்லுது, "நீர் யூதனாயிருக்க" என்கிட்ட எப்படித் தண்ணி கேக்கலாம்னு. அவர் மறுக்கல. அதோட விடல, "இரட்சிப்பு யூதர்கள் வழியாய் வருகிறது"ன்னும் சேத்துச் சொல்றாரு.

கேள்வி: எந்த இனத்துல பொறந்தா என்ன, உலக ரட்சகர்தானே? இத ஏன் இவ்ளோ பெருசு பண்றீங்க?

பதில்: இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன். கிறிஸ்துன்றத நாம இயேசுவோட ரெண்டாவது பேரு மாதிரி சொல்லிப் பழகிட்டோம். அது பட்டம். எபிரெயத்துல மாஷியாக், எண்ணெய் ஊத்தி அபிஷேகம் பண்ணப்பட்டவர்னு அர்த்தம், அதத்தான் நாம மேசியான்னு சொல்றோம், கிரேக்கத்துல கிறிஸ்து. இந்தப் பட்டம் இஸ்ரவேல் வீட்டுக்குள்ள பொறந்த பட்டம். 2 சாமுவேல் 7-ல கர்த்தர் தாவீதுக்கு உன் சந்ததியோட சிங்காசனம் என்னைக்கும் நிக்கும்னு வாக்கு குடுக்கறாரு, ஏசாயா தாவீதோட அப்பா ஈசாயோட அடிமரத்துல இருந்து ஒரு துளிர் வரும்னு சொல்றாரு, மீகா பெத்லகேம்னு ஊரையே சொல்றாரு. இப்போ யோசிச்சுப் பாருங்க, தாவீது வம்சத்துல வராத ஒருத்தர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும், எவ்ளோ அற்புதம் செஞ்சாலும், அவர் மேசியா கிடையாது. அவரோட யூதப் பிறப்ப எடுத்துட்டா கிறிஸ்துன்ற பட்டம் அந்தரத்துல தொங்கும்.

மத்தேயு தன் புத்தகத்த ஏன் ஒரு பேரு லிஸ்ட்டோட ஆரம்பிக்கறாருன்னு இப்போ புரியும். நாமெல்லாம் வேகமா தள்ளிட்டுப் போற பக்கம் அது. பதினாலு பதினாலு பதினாலு தலைமுறைன்னு மூணா பிரிச்சு எழுதியிருக்காரு. எபிரெய எழுத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் உண்டு, தாவீதுன்ற பேருல மூணு எழுத்து, 4, 6, 4, கூட்டினா 14. அவர் அத நெனச்சுத்தான் எழுதினாருன்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது, ஒரு யூத வாசகனுக்கு அது தாவீது, தாவீது, தாவீதுன்னு மூணு தடவ கூப்பிட்ட மாதிரி கேட்டிருக்கும்.

கேள்வி: கன்னியிடத்துல பொறந்தாருன்னா யோசேப்போட ரத்தம் இல்லையே, தாவீது வம்சம் எப்படி வரும்?

பதில்: யூதர்கள் பலமா கேக்கற கேள்வி இது, நியாயமான கேள்வியும்கூட. மத்தேயு 1-ல தூதன் "தாவீதின் குமாரனாகிய யோசேப்பே"ன்னு கூப்பிட்டு, புள்ளைக்கு நீ பேரு வைன்னு சொல்றாரு, யோசேப்பும் வைக்கறாரு. இது என் புள்ளைன்னு ஒருத்தர் சொன்னா அவர் சொல்ல நம்பணும்ன்ற கருத்து யூதரோட பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவுலயே இருக்கு. நம்ம ஊர்ல சுவீகாரம் போன புள்ளைக்குப் போன வீட்டு கோத்திரம்தானே, அந்த மாதிரி சட்டப்படி தாவீதின் வீட்டுப் புள்ள. கோத்திரம் பெத்த அப்பா வழியா மட்டும்தான் வரும்னு யூத ரபிமார்கள் இத ஏத்துக்க மாட்டாங்க. லூக்கா 3-ல இருக்கற வம்சாவளி மரியாளோடதுன்னு பல பிரசங்கியார் சொல்றாங்க, ஆனா அங்கயும் யோசேப்பு பேருதான் எழுதியிருக்கு, அதனால நான் அதுமேல பாரத்தப் போடறதில்ல. யூதரா இல்லையான்ற கேள்விக்கு மட்டும் இதுல சிக்கலே இல்ல, அம்மா யூதர்னா புள்ள யூதர்னுதான் ரபிமார் சட்டமே சொல்லுது.

கேள்வி: யேசுவான்னு சிலர் ஜெபிக்கறாங்களே, அதுதான் சரியான பேரா? இயேசுன்னு சொன்னா தப்பா?

பதில்: வீட்டுல, தெருவுல அவரக் கூப்பிட்டது யேசுவான்னுதான் இருக்கும். யெகோஷுவா, அதாவது நம்ம யோசுவா, அந்தப் பேரோட சுருக்கம். கர்த்தர் இரட்சிக்கிறார்னு பொருள். எஸ்றா புத்தகத்துல பாபிலோன்ல இருந்து திரும்பி வந்த யெசுவான்னு ஒரு ஆசாரியர் வருவாரு பாருங்க, அதே பேருதான். கிரேக்கத்துல இயேசூஸ் ஆச்சு, தமிழுக்கு வரும்போது இயேசு ஆச்சு. தப்பெல்லாம் ஒண்ணும் இல்ல, புதிய ஏற்பாட்ட எழுதின யூதர்களே கிரேக்கப் பேரத்தான் எழுதினாங்க. யேசுவான்னு சொன்னாத்தான் ஜெபம் கேக்கப்படும்னு யாராவது சொன்னா அத நம்பாதீங்க.

பேரவிட எனக்கு மனசுல நிக்கறது அவர் வாயில இருந்து அப்படியே வந்த சில வார்த்தைங்க. தலீதாகூமி, எப்பத்தா, ஏலி ஏலி லாமா சபக்தானி. கெத்செமனேயில அவர் "அப்பா பிதாவே"ன்னு ஜெபிச்சதா மாற்கு 14-ல படிக்கும்போது அந்த அப்பா தமிழ்னு ரொம்ப வருஷம் நெனச்சிருந்தேன், மொழிபெயர்த்தவங்க அன்பா போட்ட வார்த்தைன்னு. அது அரமாயிக், அதாவது அன்னிக்கு கலிலேயா யூதர் பேசின பாஷையோட வார்த்தை, கிரேக்க மூலத்துலயே அப்படியேதான் இருக்கு. கலிலேயாவுல ஒரு யூதப் புள்ள வீட்டுல கூப்பிட்ட வார்த்தையும் நம்ம வீட்டுல கூப்பிடற வார்த்தையும் காதுக்கு ஒண்ணா கேக்குது, மொழிகளுக்குள்ள சொந்தம் எதுவும் இல்லதான், ஆனா எனக்கு அன்னிக்கு அழுகை வந்துடுச்சு.

கேள்வி: அவர் நிஜமாவே யூத முறைப்படி வாழ்ந்தாரா, இல்ல அதையெல்லாம் ஒழிக்க வந்தாரா?

பதில்: வாழ்ந்தாரு. பெரும்பாடுள்ள பொண்ணு அவர் வஸ்திரத்தோட ஓரத்தத் தொட்டுச்சுன்னு படிக்கறோம்ல, அந்த ஓரம் வெறும் துணி ஓரம் இல்ல. எண்ணாகமம் 15-ல கர்த்தர் துணியோட மூலைங்கள்ல தொங்கல் வெச்சு அதுல இளநீல நாடா கட்டச் சொன்னாரு, அதப் பாக்கும்போதெல்லாம் கட்டளைங்க ஞாபகம் வரணும்னு. எபிரெயத்துல அதுக்கு ட்ஸிட்ஸித்னு பேரு. மத்தேயு ஓரம்னு சொல்ல எழுதின கிரேக்க வார்த்தையும் 23-ல பரிசேயர்ன்ற யூத மதக் குழுவினர் பெருசாக்கின தொங்கலுக்கு எழுதின வார்த்தையும் ஒண்ணேதான். தமிழ்ல ஒரு எடத்துல ஓரம், இன்னொரு எடத்துல தொங்கல்னு வந்ததால நமக்குத் தெரியாமப் போச்சு. அந்தப் பொண்ணு புடிச்சது ஒரு யூத ஆம்பள தினமும் போட்டிருந்த அந்த நூலத்தான்.

ஓய்வுநாள்ல ஜெப ஆலயத்துக்குப் போறது "தம்முடைய வழக்கத்தின்படி"ன்னு லூக்கா 4 சொல்லுது, பஸ்காவுக்கும் கூடாரப் பண்டிகைக்கும் எருசலேமுக்குப் போயிருக்காரு, யோவான் 10-ல குளிர்காலத்துல பிரதிஷ்டைப் பண்டிகையப்போ ஆலயத்துல நடந்துட்டு இருக்காரே அதுதான் இன்னிக்கு யூதர்கள் விளக்கேத்திக் கொண்டாடற ஹனுக்கா. பிரதான கற்பனை, அதாவது கட்டளை, எதுன்னு கேட்டப்போ அவர் சொன்னது "இஸ்ரவேலே கேள்"னு ஆரம்பிக்கற ஷெமா, யூதர்கள் காலையும் சாயங்காலமும் சொல்ற வசனம். 2009-ல கலிலேயாக் கடலோரம் மக்தலாவுல முதல் நூற்றாண்டு ஜெப ஆலயம் ஒண்ணு தோண்டும்போது கிடைச்சுது, நடுவுல ஏழு கிளை விளக்குத்தண்டு செதுக்கின ஒரு கல். அவர் அந்தக் குறிப்பிட்ட எடத்துல போதிச்சாருன்னு யாரும் நிரூபிக்க முடியாது, ஆனா கலிலேயா முழுக்க ஜெப ஆலயங்கள்ல உபதேசம் பண்ணாருன்னு படிக்கும்போது அந்தக் கல்லு என் கண்ணு முன்னாடி வரும்.

கேள்வி: பரிசேயரக் கிழி கிழின்னு கிழிச்சாரே?

பதில்: ஆமா, ஒரே வீட்டுக்காரங்க சண்டை அது. ஓய்வுநாள்ல உயிரக் காப்பாத்தலாமா, கை கழுவாம சாப்பிடலாமா, விவாகரத்து எப்போ செல்லும், இதெல்லாம் யூத போதகர்கள் தங்களுக்குள்ளயே ராப்பகலா வாதாடின விஷயம். ஹில்லேல் ஒரு பக்கம், ஷம்மாய் ஒரு பக்கம்னு ரெண்டு பள்ளியே இருந்துச்சு. உயிர்த்தெழுதல் உண்டுன்ற விஷயத்துல ஆண்டவர் அது இல்லன்னு சொன்ன சதுசேயர்ன்ற குழுவுக்கு எதிரா பரிசேயரோட பக்கம்தான் நின்னாரு. எசேக்கியேலும் எரேமியாவும் தன் ஜனத்தத் திட்டினத யாரும் யூத வெறுப்புன்னு சொல்றதில்ல.

கேள்வி: யூதர்கள்தானே அவரக் கொன்னாங்க?

பதில்: எனக்கு ஞாயிறு பள்ளியில இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, அத நெனச்சா இன்னிக்கும் வேதனையா இருக்கு. சிலுவை ரோமத் தண்டனை, தீர்ப்பு சொன்னது ரோம அதிகாரி பிலாத்து, ஆணி அடிச்சது ரோமச் சிப்பாய்ங்க. பிரதான ஆசாரியன் காய்பாவும் ஆலயத் தலைமையும் அவரப் புடிச்சுக் குடுத்தாங்க, அதுவும் உண்மை, மறைக்கல. ஆனா வழியெல்லாம் மாரடிச்சு அழுத பொண்ணுங்க யாரு? இறக்கி அடக்கம் பண்ண அரிமத்தியா ஊர் யோசேப்பும் நிக்கொதேமுவும் யாரு? எல்லாரும் யூதர்கள். யோவான் 7:13-ல "யூதருக்குப் பயந்திருந்ததினாலே" ஜனங்க அவரப் பத்தி வெளிப்படையா பேசலன்னு வரும், பயந்த ஜனங்களும் யூதர்கள்தானே, அப்போ யோவான் பல எடத்துல யூதர்னு சொல்றது எருசலேம் தலைவர்களத்தான்னு அந்த வசனமே காட்டுது. கத்தோலிக்க சபை 1965-ல, ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துல, அன்னிக்கு இருந்த எல்லா யூதர் மேலயும் இன்னிக்கு இருக்கற யூதர் மேலயும் அந்தப் பழியப் போடக்கூடாதுன்னு அறிவிச்சுது. 1965 வரைக்கும் ஆச்சு.

கேள்வி: ஆரம்பத்துல எல்லாரும் யூதர்னா, அந்த அடையாளம் எப்போ காணாமப் போச்சு?

பதில்: ஒரே நாள்ல போகல. ஆலயம் 70-ல இடிஞ்சுது, 132-ல இருந்து 135 வரைக்கும் ரோமருக்கு எதிரா பார் கோக்பான்ற தலைவரோட கலகம், அதுல யூதரோட பெரிய போதகர் ரபி அகிபாவே பார் கோக்பாவ மேசியான்னு சொல்லிட்டாரு, இயேசுவ நம்பின யூதர்களால அதுல சேர முடியல, ரெண்டு பக்கமும் தூரமாகிட்டே வந்துச்சு. சபையில புறஜாதியார், அதாவது யூதர் அல்லாதவங்க, பெருகினாங்க. 325-ல நிசேயாவுல கூடின சபைச் சங்கத்துல ஈஸ்டர் தேதிய யூதரோட பஸ்காக் கணக்குல இருந்து பிரிச்சாங்க. 386, 387-ல அந்தியோகியாவுல கிறிசோஸ்தோம்ன்ற பேர்போன பிரசங்கியார் ஜெப ஆலயத்துக்குப் போற கிறிஸ்தவர்களத் திட்டிப் பேசின பிரசங்கங்கள படிக்க மனசு கூசும். 787-ல ரெண்டாம் நிசேயாச் சங்கம், ரகசியமா ஓய்வுநாள் ஆசரிக்கற யூதர்கள சபையில சேக்கக் கூடாதுன்னு விதி போட்டுச்சு. மேசியாவ நம்பணும்னா யூதனா இருக்கறத விடணும்னு ஆகிப் போச்சு, பேதுருவே வந்திருந்தாலும் உள்ள விட்டிருக்க மாட்டாங்க. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்ச லூத்தர் 1543-ல யூதரப் பத்தி எழுதினது இன்னும் கொடுமை.

இதோட கடைசி எங்க போய் முடிஞ்சதுன்னா, 1939-ல ஜெர்மனியில ஐசனாக் ஊர்ல திருச்சபை வாழ்க்கையில இருந்து யூத செல்வாக்க நீக்கறதுக்குன்னே ஒரு ஆய்வு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. தலைமை ஆய்வாளர் வால்டர் குருண்ட்மன், புதிய ஏற்பாட்டுப் பேராசிரியர். இயேசு யூதரே இல்லன்னு எழுதினாரு. யூத வாசனை வர்ற பகுதிய வெட்டி ஒரு புதிய ஏற்பாடே அச்சடிச்சாங்க. படிச்சவங்க, பிரசங்கம் பண்றவங்க செஞ்ச வேலை இது. "எந்த இனமா இருந்தா என்ன"ன்னு யாராவது லேசா சொல்லும்போது எனக்கு அந்த அச்சடிச்ச புத்தகம்தான் ஞாபகம் வருது.

கேள்வி: மேசியானிக் யூதர்னா யாரு?

பதில்: இயேசுதான் மேசியான்னு நம்பி, ஆனா யூதராவே வாழற யூதர்கள். ஓய்வுநாள், பண்டிகை, விருத்தசேதனம் எல்லாம் விடாம. இந்தக் காலத்துல இதுக்கு முன்னோடி ஜோசப் ரபினோவிச், இன்னிக்கு மால்டோவாவுல இருக்கற கிஷினேவ் ஊர்க்காரர். 1881-ல ரஷ்யாவுல யூதர்கள் மேல கலவரம் நடந்துச்சு, குடியேற எடம் பாக்க 1882-ல பாலஸ்தீனாவுக்குப் போனவரு, எருசலேம்ல ஒலிவ மலை மேல உக்காந்து யோசிச்சப்போ, இந்த தேசத்தோட திறவுகோல் நம்ம சகோதரன் இயேசு கையிலதான் இருக்குன்னு அவருக்குப் பட்டுச்சு. நம்ம சகோதரன்னு சொன்னாரு பாருங்க, பல நூறு வருஷமா எதிரி பேரா கேட்டது ஒரு யூதன் வாயில ரத்த சொந்தமா வந்துச்சு. ஊருக்குத் திரும்பி 1885 வாக்குல புதிய உடன்படிக்கையின் இஸ்ரவேலர்னு சபை நடத்தினாரு. அமெரிக்காவுல 1915-ல எபிரெயக் கிறிஸ்தவர் கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க, 1975-ல அதுவே மேசியானிக் யூதர் கூட்டமைப்புன்னு பேர மாத்திக்கிச்சு. அந்தப் பேர் மாத்தத்துலயே நாங்க மதம் மாறல, எங்க மேசியாவக் கண்டுக்கிட்டோம்ன்ற மனசு தெரியும்.

கேள்வி: மத்த யூதர்கள் இவங்கள ஏத்துக்கறாங்களா?

பதில்: இல்ல. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம்னு எல்லாப் பிரிவும் இத யூத மதம் இல்ல, கிறிஸ்தவம்னுதான் சொல்றாங்க. மேசியா வந்தா சிதறின ஜனம் சேரணும், ஆலயம் எழும்பணும், யுத்தம் ஓயணும், எதுவும் நடக்கலையேன்னு கேக்கறாங்க. ஏசாயா 53-ல பாடுபடற தாசன் இஸ்ரவேல் ஜனமேன்னு அவங்க படிக்கறாங்க, மேசியானிக் யூதர் அது ஜனத்துக்காக ஒருத்தர் பட்ட பாடுன்னு படிக்கறாங்க, நானும் அப்படித்தான் நம்பறேன், அவர் திரும்ப வரும்போது மத்ததும் நிறைவேறும்னு. இஸ்ரேல்ல 1970 சட்டத் திருத்தப்படி யூதர்னு சொல்லிக்க யூதத் தாய்க்குப் பொறந்திருக்கணும், இல்ல யூத மதத்துக்கு மாறியிருக்கணும், வேற மதத்துல இருக்கக் கூடாது. அத வெச்சு 1989-ல உச்ச நீதிமன்றம், மேசியானிக் யூதர்கள் யூதர்ன்ற பேருல திரும்புதல் சட்டத்துல, அதாவது யூதர் இஸ்ரேல்ல குடியேற உரிமை தர்ற சட்டத்துல, குடியுரிமை கேக்க முடியாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. யூதர்கள் கிட்டயும் எடம் இல்ல, சபையிலயும் விநோதமா பாக்கறாங்க, அந்தத் தனிமைய நாம கொஞ்சம் யோசிக்கணும்.

கேள்வி: உயிர்த்தெழுந்த பிறகும் அவர் யூதர்தானா?

பதில்: பவுல், யோவான் எல்லாம் அப்படித்தான் பேசறாங்க. பரலோகத்துல ஆட்டுக்குட்டியானவர அறிமுகம் பண்ணும்போது "யூதா கோத்திரத்துச் சிங்கம்". வெளிப்படுத்தல் 22:16-ல அவரே "நான் தாவீதின் வேரும் சந்ததியும்"ங்கறாரு. இருந்தேன்னு இல்ல, இருக்கிறேன்.

கேள்வி: அப்போ நாமளும் ஓய்வுநாள் ஆசரிக்கணுமா, பன்றிக்கறி விடணுமா, விருத்தசேதனம் பண்ணணுமா?

பதில்: வேண்டாம். அப்போஸ்தலர் 15-ல எருசலேம்ல கூடி முடிவு பண்ணிட்டாங்க, புறஜாதியார் யூதரா மாற வேண்டியதில்ல. பவுல் என்ன பண்ணாருன்னு பாருங்க, அம்மா யூதர்ன்றதால தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணாரு, கிரேக்கனான தீத்துவுக்குப் பண்ண விடல. யூதன் யூதனா, கிரேக்கன் கிரேக்கனா. நம்ம ஊர்ல சிலர் திடீர்னு தாலித்ன்ற யூத ஜெப சால்வையப் போட்டுக்கிட்டு ஷோஃபார்ன்ற ஆட்டுக் கொம்ப ஊதறாங்க, பிரியத்துலதான் செய்யறாங்க, ஆனா பவுல் சொல்ற மாதிரி நாம இஸ்ரவேல்ன்ற மரத்துல ஒட்டவைக்கப்பட்ட காட்டொலிவக் கிளை, கிளை தன்ன மரம்னு சொல்லிக்கக் கூடாது. ரோமர் 11:18 சொல்றது "வேர் உன்னைச் சுமக்கிறது".

கேள்வி: சபையில பஸ்கா விருந்து நடத்தலாமா?

பதில்: கத்துக்கறதுக்காக நடத்தலாம், முடிஞ்சா ஒரு மேசியானிக் யூதரக் கூப்பிட்டு நடத்துங்க. அவங்க மேஜையில புளிப்பில்லாத அப்பம் மூணு அடுக்கி, நடுவுல இருக்கறத எடுத்து ரெண்டா பிட்டு, ஒரு பாதிய துணியில சுத்தி ஒளிச்சு வெப்பாங்க, சாப்பாடு முடிஞ்சதும் புள்ளைங்க தேடிக் கண்டுபிடிச்சு எல்லாருக்கும் பங்கு வெப்பாங்க. பிட்கப்பட்டு, துணியில சுத்தப்பட்டு, மறைக்கப்பட்டு, திரும்ப வந்தவர்னு அவங்க அதுல மேசியாவப் பாக்கறாங்க. அழகுதான். ஆனா இன்னிக்கு இருக்கற இந்த ஒழுங்கு ஆலயம் இடிஞ்ச பிறகு மெதுவா உருவானது, அதனால ஆண்டவர் மேலறையில இத அப்படியே செஞ்சாருன்னு மேடையில சொல்லாதீங்க. பக்கத்துல கேரளாவுல நஸ்ராணி, அதாவது தோமா கிறிஸ்தவக் குடும்பங்கள்ல பெரிய வியாழன் ராத்திரி வீட்டுப் பெரியவர் புளிப்பில்லாத பெசஹா அப்பத்த வெட்டிப் பங்கு வெக்கறாங்க, அந்தப் பேருல பஸ்கா இன்னும் உயிரோட இருக்கு.

கேள்வி: யூத நண்பர் ஒருத்தர் இருக்காரு, அவர்கிட்ட இதப் பேசலாமா?

பதில்: ரபினோவிச் 1899-ல இறந்துட்டாரு. நாலு வருஷம் கழிச்சு, 1903-ல, அதே கிஷினேவ் ஊர்ல ஈஸ்டர் ஞாயித்துக்கிழமை யூதர் வீடுகளுக்குள்ள கும்பல் புகுந்துச்சு, 49 பேர் செத்தாங்க. அன்னிக்கு அந்த ஊர்க் கோயில்கள்ல கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்னு பாடியிருப்பாங்க. உங்க நண்பரோட பாட்டி, கொள்ளுத்தாத்தா அந்த மாதிரி ஒரு ஊர்ல இருந்து வந்திருக்கலாம், அவங்க வீட்டுல இயேசுன்ற பேர அந்த ராத்திரியோட சேத்துத்தான் கேட்டிருப்பாங்க. அதனால அவங்க குடும்பக் கதைய மொதல்ல கேளுங்க, குறுக்க வசனம் சொல்லாம கேளுங்க. நீ ஏன் ஒரு யூதர நம்பறன்னு அவரே ஒருநாள் கேட்டா, அப்போ ரெண்டு புறா கதையில இருந்து ஆரம்பிங்க.